அனுப்பிய எஸ்எம்எஸ் எங்கே போச்சு?

கரூரில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது, பள்ளிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என்று ஒரு சின்ன ஆபீஸ் நடத்துகிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலைதான் பல்க் எஸ்எம்எஸ். பள்ளிக்கூடம், கண் மருத்துவமனை, வார வசூல் ஃபைனான்ஸ், ஜவுளிக் கடை, ரத்ததானக் குழு என்று பல தரப்புக்கும் அனுப்பித் தந்திருக்கிறேன். எதிலும் சட்டத்துக்குப் புறம்பாக ஒரு வரி இருந்ததில்லை. ஆனாலும் நிறைய செய்திகள் பாதி வழியில் நின்றுபோயிருக்கின்றன. சிலவற்றை அரசு வகுத்த விதி நிறுத்தியது. சிலவற்றை நெட்வொர்க் தானாகவே நிறுத்தியது. மீதியை யார் நிறுத்தினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

போன் கம்பெனிக்கு இப்படி நிறுத்தும் அதிகாரம் இருக்கலாமா என்று கேட்டால், இந்தத் தொழிலில் இருக்கிற பலரும் கூடவே கூடாது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மின் கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடு என்று மோசடிச் செய்தி ஊரெல்லாம் வந்த காலத்தில் என் மாமனாரே பதறிப்போய் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதை யாராவது தடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தடுப்பவர், நான்தான் தடுத்தேன், இந்தக் காரணத்துக்காகத் தடுத்தேன் என்று அனுப்பியவரிடம் சொல்ல வேண்டும். அது நடப்பதில்லை. அதனால்தான் எங்கள் பிழைப்பில் பாதி நேரம் துப்பறிவதிலேயே போகிறது.

வரம்பு வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் அனுப்பலாம் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி வந்தது. கூச்சல் எழுந்ததும் அதை 200 ஆக்கினார்கள். காலேஜ் பிள்ளைகள் ராத்திரி முழுக்க எஸ்எம்எஸ்ஸிலேயே பேசிக்கொண்டிருந்த காலம் அது. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம், வணிக நோக்கமில்லாத சொந்தச் செய்திகளுக்கு இப்படி உச்சவரம்பு வைப்பது பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று சொல்லி அதை நீக்கியது. அப்புறம் 100-க்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 50 பைசா என்று ஒரு தண்டம் வந்தது. 2020-இல் அதுவும் போய்விட்டது. அதற்குள் பிள்ளைகள் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள்!

உண்மையான மாற்றம் 2018 ஜூலையில் டிராய் கொண்டுவந்த வணிகத் தகவல் தொடர்பு விதிமுறையில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்து எங்கள் கழுத்தைப் பிடித்தது 2020, 2021 வாக்கில். அதுவரை, தடை செய்யப்பட்டதைத் தவிர எல்லாம் போகும் என்றிருந்தது. அதற்குப் பிறகு, முன்கூட்டி அனுமதி வாங்கியதைத் தவிர எதுவும் போகாது என்று ஆகிவிட்டது. போன் கம்பெனிகள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுப் போர்ட்டலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். வரியோடு சேர்த்து 5,900 ரூபாய் கட்டிய வாடிக்கையாளர்கள் என்னிடம் இருக்கிறார்கள். உங்கள் போனில் ஒரு கோட்டுக்குப் பிறகு ஆறு எழுத்தில் ஒரு பெயர் வருகிறதே, அந்த ஹெடரைப் பதிய வேண்டும். கடைசியாக, அனுப்பப் போகும் வாசகத்தையே டெம்ப்ளேட்டாகப் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர், தேதி, தொகை மாதிரி மாறும் இடங்களுக்கு மட்டும் வெற்றிடம் விடலாம். நாங்கள் பதிந்தபோது ஒரு வெற்றிடத்துக்கு 30 எழுத்துதான் அளவு. நாம் அனுப்புவதை நெட்வொர்க் அந்த டெம்ப்ளேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். இதற்குத் தொழில் வட்டாரத்தில் ஸ்க்ரப்பிங் என்று பெயர்.

2021 மார்ச் 8 அன்று இந்த ஸ்க்ரப்பிங்கை முழுமையாகப் போட்டார்கள். நாடு முழுக்க வங்கி ஓடிபி வரவில்லை, ஆதார் ஓடிபி வரவில்லை, கோவிட் தடுப்பூசிப் பதிவுக்கான ஓடிபி கூட வரவில்லை. மறுநாளே டிராய் ஏழு நாளுக்கு அதை நிறுத்தி வைத்தது. பிறகு, டெம்ப்ளேட் விதிகளைச் சரியாகப் பின்பற்றாதவர்கள் என்று வெளியிட்ட பட்டியலில் பெரிய பெரிய வங்கிகளின் பெயர்கள் இருந்தன. சட்டப் பிரிவும் ஐடி பிரிவும் வைத்திருக்கும் வங்கியாலேயே முடியவில்லை என்றால், ஒற்றை கிளார்க் வைத்திருக்கும் மெட்ரிக் பள்ளியால் எப்படி முடியும்? அன்றைக்கு என் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லக்கூடிய ஒரே ஆறுதல், உங்களுக்கு மட்டும் இல்லை மேடம், ஸ்டேட் பேங்குக்கே போகலை என்பதுதான்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இதில் கூடுதல் வில்லங்கம் உண்டு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70 தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டிலும் 67 தான் கொள்ளும். எண்ணிக்கையும் நாம் எண்ணுவது போல இல்லை. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்பது நம் கணக்கில் எட்டு எழுத்து. போன் அதைப் பதினைந்தாக எண்ணும், ஏனென்றால் கொக்கி, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி. இனிஷியலோடும் அப்பா பெயரோடும் ஒரு முழுப் பெயரைப் போட்டால் 30 என்ற அளவு அங்கேயே தீர்ந்துவிடும். அதனால்தான் ஒரு பள்ளியில் சில மாணவர்களின் பெற்றோருக்கு மட்டும் வராதோர் தகவல் போகவே இல்லை. நீளப் பெயர்க்காரர்களுக்கு மட்டும் போகவில்லை என்பது பட்டியலை வைத்துக்கொண்டு வெகு நேரம் முறைத்த பிறகுதான் புரிந்தது. பெயரைப் பிரித்து, அடுத்தடுத்து இரண்டு வெற்றிடமாகப் பதிந்த டெம்ப்ளேட்டில் அது சரியானது.

அதைவிட மோசமானது கண் மருத்துவமனையின் செய்தி. டெம்ப்ளேட் ஒப்புதல் ஆகியிருந்தது. ஆங்கிலச் செய்தி போகிறது, தமிழ்ச் செய்தி ஒன்றுகூடப் போகவில்லை. திரையில் வைத்து ஒப்பிட்டால் அச்சு அசலாக ஒன்றேதான். காரணம் ‘தொடர்புக்கு’ என்ற சொல்லில் ஒளிந்திருந்தது. ‘தொ’வை இரண்டு விதமாக டைப் செய்யலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வரலாம், அல்லது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு வேறு வேறு. ஆஸ்பத்திரியில் டெம்ப்ளேட்டை டைப் செய்த பெண்ணின் கீபோர்டு ஒரு விதம், செய்தியை அனுப்பும் சாஃப்ட்வேர் இன்னொரு விதம். எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் ‘ஃபெயில்டு’ என்ற ஒரு சொல்லைத் தவிர ஏதுமில்லை. டெம்ப்ளேட் பொருந்தவில்லை, இத்தனையாவது எழுத்தில் என்று ஒரு வரி வந்திருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்திருக்கலாம். அதன் பிறகு நான் வைத்த பழக்கம் இதுதான்: வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ எடுத்து ஒட்டுவதே கிடையாது. ஒப்புதல் ஆன டெம்ப்ளேட்டைப் போர்ட்டலிலிருந்தே காப்பி எடுத்து அதைத்தான் சாஃப்ட்வேரில் ஏற்றுவேன். முற்றுப்புள்ளிக்குப் பின் வரும் இடைவெளியைக்கூடக் கை வைக்க மாட்டேன்.

அதே ஆஸ்பத்திரி ஒரு கிராமத்தில் இலவச கண்புரை முகாம் போட்டது. முன்பு அவர்களிடம் சிகிச்சைக்கு வந்த முதியவர்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் தருகிறவர் டெம்ப்ளேட்டைத் திருப்பிவிட்டார். ‘இலவசம்’ என்றிருப்பதால் அது விளம்பரமாம். விளம்பரம் என்ற வகையில் பதிந்தால், தொந்தரவு வேண்டாம் (டிஎன்டி) என்று 1909 என்ற எண்ணில் பதிந்தவர்களுக்குப் போகாது. அந்த முதியவர்களில் பலருக்குப் பேரன்களே புண்ணியமாக டிஎன்டி போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே என்ன குற்றம் நடந்தது? பேரன் செய்தது சரி, விதியும் ஒரு வகையில் சரி. ஆனால் பாட்டிக்கு முகாம் தெரியாமல் போனது. கடைசியில் ‘இலவச’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘உங்கள் அடுத்த கண் பரிசோதனை’ என்று நோயாளியின் பழைய வருகையோடு இணைத்து எழுதினோம். அவர் ஏற்கெனவே அவர்களின் நோயாளி என்பதால் சேவைச் செய்தி என்ற வகையில் ஒப்புதல் ஆனது. கட்டணம் உண்டா என்று கேட்டு ஆஸ்பத்திரிக்கு போன் வந்துகொண்டே இருந்தது, அது வேறு கதை. புதிதாகப் பதிகிறவர்களுக்கு நான் சொல்வது: சலுகை, இலவசம், பரிசு, கடைசி நாள் போன்ற சொற்களை முடிந்தவரை தவிருங்கள். பெறுகிறவருக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே உள்ள உறவு முதல் வரியிலேயே தெரியட்டும்.

அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கும் என் மச்சான் அங்குள்ள தமிழ்ப் பள்ளிக்குத் தன்னார்வலர். மழை, பனி என்றால் வகுப்பு ரத்து என்று பெற்றோர்களுக்கு டெக்ஸ்ட் அனுப்புவது அவர் பொறுப்பு. ஒருநாள் போன் செய்து, “மாப்ள, உங்க ஊர்ல மட்டும்தான் இந்தக் கூத்துன்னு நெனச்சேன். இங்கயும் பிராண்டைப் பதி, கேம்பெய்னைப் பதின்னு உயிரை எடுக்கறாங்க” என்றார். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அங்கே சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து பதியாமல் சாஃப்ட்வேர் வழியாக அனுப்பும் செய்திகளை கம்பெனிகள் தடுத்துவிடுகின்றன. ஒரு வேறுபாடு. இங்கே விதியை எழுதுவது டிராய். அங்கே பதிவேடும் வடிகட்டியும் பெரும்பாலும் கம்பெனிகளே போட்டுக்கொண்டவை.

அவர் சொன்னதற்குப் பிறகு அந்த ஊர்க் கதையைத் தேடிப் படித்தேன். 2007 செப்டம்பரில், கருக்கலைப்பு உரிமைக்காக இயங்கும் ‘நேரல்’ என்ற அமைப்பு, தானாக விரும்பிச் சேர்ந்த ஆதரவாளர்களுக்குச் செய்தி அனுப்ப ஐந்தாறு இலக்கமே உள்ள ஒரு குறுகிய எண் கேட்டது. சர்ச்சைக்குரிய விஷயம் என்று வெரைசன் என்ற போன் கம்பெனி மறுத்தது. பத்திரிகையில் செய்தி வந்ததும் உடனே மனம் மாறி அனுமதித்தது. 2010-இல் இன்னொரு போன் கம்பெனியான டி-மொபைல், கலிஃபோர்னியாவில் சட்டப்படி நடந்த மருத்துவக் கஞ்சா நிலையங்கள் பற்றித் தகவல் தரும் ஒரு தளத்தின் காரணமாக, அதற்குச் செய்தி அனுப்பித் தந்த நிறுவனத்தின் சேவையையே நிறுத்தி வழக்கு வரை போனது. அந்த நிறுவனம் அனுப்பித் தந்த மற்ற வாடிக்கையாளர்களின் செய்திகளும் சேர்ந்தே நின்றன. என் தொழிலும் அதேதான் என்பதால் இந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வாடிக்கையாளர்களில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் பத்துப் பேருக்கும் கதவைச் சாத்தலாம் என்றால் எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் எப்படிக் கடை நடத்துவது?

வெரைசன் விவகாரத்தை ஒட்டி, போன் அழைப்பைப் போலவே எஸ்எம்எஸ்ஸுக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்று அறிவிக்கச் சொல்லி 2007 டிசம்பரில் அங்குள்ள பொதுநல அமைப்புகள், அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யிடம் மனு கொடுத்தன. பதில் வந்தது 2018 டிசம்பரில். அஜித் பை தலைமையிலான ஆணையம், எஸ்எம்எஸ் என்பது ‘தகவல் சேவை’, அழைப்புக்கான விதி அதற்குப் பொருந்தாது, அதனால் கம்பெனிகள் வடிகட்டலாம் என்று முடிவு செய்தது. ஸ்பேமைத் தடுக்க அது வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆணைய உறுப்பினர் ஜெசிகா ரோசன்வொர்செல் எதிர்த்து வாக்களித்தார். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. நான் யாரையாவது கூப்பிட்டால், பேச்சு சரியில்லை என்று நடுவில் லைனை வெட்ட எந்தக் கம்பெனிக்கும் உரிமையில்லை. அதே வாசகத்தை எழுதி அனுப்பினால் மட்டும் உரிமை வந்துவிடுமா? ஆனால் அதே எஃப்சிசி 2023 மார்ச்சில் வேறொரு நல்ல காரியம் செய்தது. போலி எண்களிலிருந்து வரும் செய்திகளைத் தடுக்கச் சொன்ன உத்தரவிலேயே, தவறாகத் தடுக்கப்பட்டவர்கள் கேட்க ஒரு தொடர்பு முனை இருக்க வேண்டும் என்று சேர்த்தது. நான் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

இங்கே ரத்ததானக் குழுவின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நடத்துகிறவர் என்னைவிட இளையவர், லாரி ஆபீஸில் வேலை. பதிவு பெற்ற அமைப்பு எதுவும் கிடையாது, நோட்டில் ஒரு பட்டியல், கையில் ஒரு போன். அரிய வகை ரத்தம் தேவை என்றால் தன் சிம்மிலிருந்தே அந்த வகைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புவார். ஒருநாள் அவர் போனிலிருந்து எஸ்எம்எஸ் போவதே நின்றது. கஸ்டமர் கேரில் ஒருவர் பேலன்ஸைப் பாருங்கள் என்றார், இன்னொருவர் போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். ஒரே வாசகம், பல எண், குறுகிய நேரம். வடிகட்டியின் கண்ணுக்கு மோசடிக்காரனும் இவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பதிவில்லாமல் விளம்பரம் அனுப்புகிறார் என்று புகார்கள் சேர்ந்தால் நாளைக்கு 20 செய்தி என்று சுருக்கவும், தொடர்ந்தால் இணைப்பையே துண்டிக்கவும் 2018 விதியில் வழி இருக்கிறது. 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை. “அண்ணே, ரத்தம் கேட்டதுக்கா புகார் குடுப்பாங்க?” என்று கேட்டார். புகார் வந்ததா, மெஷினே முடிவெடுத்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பதிவு பெற்ற டிரஸ்ட் தன் பெயரில், தன் ஹெடரில் அந்தச் சேவையை எடுத்துச் செய்ய முன்வந்தது. இப்போது அதன் வழியாகப் போகிறது. டெம்ப்ளேட்டில் வகை, மருத்துவமனை, தொடர்பு எண் மூன்றும் வெற்றிடம். அவசரத்துக்கு ஆகிற மாதிரி தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறோம். ரத்தம் தேவைப்படும் நேரத்தில் போய் டெம்ப்ளேட் பதிய முடியாது.

2024-இல் இன்னும் இரண்டு விதிகள் சேர்ந்தன. அக்டோபர் 1 முதல், செய்தியில் வரும் இணைய முகவரி முன்பே பதியப்பட்டதாக இருக்க வேண்டும். டிசம்பர் 11 முதல், நிறுவனத்திலிருந்து நெட்வொர்க் வரை நடுவில் கைமாறும் எல்லாரும் சங்கிலியாகப் பதிந்து இணைந்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் செய்தி நின்றுவிடும். முதலாவது நல்ல விதி, மனமாரச் சொல்கிறேன். பொய் லிங்க்கை நம்பிப் பணம் இழந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பள்ளிக் கட்டண லிங்க் ஒவ்வொரு பெற்றோருக்கும் வேறு வேறாக இருக்குமே என்று பயந்தோம். தளத்தின் நிலையான பகுதியைப் பதிந்துவிட்டு, கடைசித் துணுக்கை மட்டும் வெற்றிடமாக விட்டதும் சரியானது. பொதுவான லிங்க் சுருக்கிகளை மட்டும் மறந்துவிடுங்கள்.

இவ்வளவு பட்ட பிறகு என்னிடம் ஒரு டப்பாவில் ஜியோ, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் நான்கு சிம்மும் பழைய பட்டன் போன்களும் இருக்கின்றன. எந்தச் செய்தியும் முதலில் அந்த நான்குக்கும் போய் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. ‘டெலிவர்டு’ என்று ரிப்போர்ட் சொல்வதை மட்டும் நம்ப மாட்டேன், டப்பாவில் உள்ள போன் சத்தம் போட வேண்டும். நின்றுபோனால் பொதுவாகப் புலம்பி மெயில் அனுப்புவதில் பயனில்லை. அனுப்பிய நேரம், ஒரு எண், ஹெடர், டெம்ப்ளேட் எண், செய்தியின் அடையாள எண் ஐந்தையும் போட்டு, எந்தக் கட்டத்தில் நின்றது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அப்படிக் கேட்டால்தான் பதில் வர வாய்ப்பு. தடுப்பதற்குப் பதில் அடையாளம் காட்டுவது என்ற வழியும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஏர்டெல் கொண்டுவந்த ஏஐ வசதி, சந்தேகமான செய்தி மேல் ஸ்பேம் என்று எழுதிக் காட்டுகிறது. செய்தி கைக்கு வந்துவிடும், முடிவு படிப்பவருடையது. 2025-க்குப் பிறகு ஹெடரின் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்று வரும் எழுத்தும் அப்படியே, விளம்பரமா சேவையா பரிவர்த்தனையா அரசா என்று பார்த்தவுடன் தெரிகிறது. தடுப்பதைவிட எனக்கு இவை எவ்வளவோ மேல்.

போன பங்குனியில் எங்கள் பகுதி மாரியம்மன் கோயில் விழாக் குழுவினர் வந்தார்கள். தேர் நேரம் மாறியதை ஊர்க்காரர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் சொல்ல வேண்டும். குழுவுக்கு பான் கார்டு இல்லை, பதிவுச் சான்றிதழ் இல்லை, பதிய வழியும் இல்லை. பெரியவர் ஒருவர், “ஏனுங்க தம்பி, சாமி விஷயந்தானுங்க, யாரையும் திட்டி எழுதலையே?” என்றார். விளக்கிச் சொல்லி மாளவில்லை. வேறொருவர் ஹெடரில் அனுப்புங்கள் என்றார்கள், அது மாட்டிவிடும் என்று மறுத்தேன். கடைசியில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். அதற்கு போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி கேட்டபோது சாயங்காலத்துக்குள் கிடைத்தது. எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது, ஆஸ்பத்திரி அருகே சத்தம் கூடாது, இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டே கொடுத்தார்கள்.